காணாமல் போன பதினைந்து சதவீதம்

அத்தியாயம் 9

"செத்துப் போன கார் பொய் சொல்லாது, குண்டூசி" என்றார் மேடம்.

"உயிரோட இருக்கற உங்க கார் சொல்லுதே மேடம். பாதி டேங்க் இருக்குன்னு காட்டிட்டு நட்டநடு ரோட்டுல காலை வாரி விடுது."

மேடம் சிரிக்கவில்லை. மலையடிவாரத்துப் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில், சக்கரமெல்லாம் பனி அப்பிய மின்சாரக் கார் ஒன்று நின்றிருந்தது. அதற்குள் இடுப்புவரை நுழைந்து எதையோ முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் அவர். துப்பறிய வருவதற்கு முன் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆள் பேசுவதைவிட, பேசாமல் விடுகிற இடத்தைக் கேட்டே எடை போடுவார். உதவியாளனோ உடம்பு கம்பி, தலை மட்டும் உருண்டை. அந்தப் பெயரை வைத்தது மேடம்தான். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தது என்பான்.

இரண்டு நாள் முன்னால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மலைக்கு இந்தப் பக்கத்து ஓட்டல்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கணவாயின் உச்சியில் ஒரு சார்ஜ் நிலையம். அதற்குச் சற்றுக் கீழேயே கார் மூச்சை விட்டுவிட்டது. மறுநாள் காலை பனி அள்ளும் வண்டிக்காரர்கள் பார்த்தபோது கார் இருந்தது, ஆள் இல்லை. மீட்புக் குழு இரண்டு நாளாய்த் தேடுகிறது. இன்று சாயங்காலம் பெரிய பனி வருகிறதாம். வந்தால் குழு இறங்கிவிடும். பிறகு பனி உருகும்வரை அந்தச் சாலைக்குப் பூட்டுதான்.

மேடத்தின் கைபேசி அடித்தது. மெக்கானிக்கின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வகுப்புக்கும் ஒரு ஆசிரியர்மேல் இன்னொருவர் மோதாமல் கால அட்டவணை போடுகிறவர். கணவர் காரில் கிளம்பும்போதெல்லாம் பயணத்துக்கும் அவர்தான் அட்டவணை போடுவார். எங்கே சார்ஜ் ஏற்றுவது, எதுவரை ஏற்றுவது, எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது எல்லாம் அவர் சொன்னபடி.

"மேடம், நான் மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். குளிருக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சேன். ஏத்தத்துக்குத் தனியா கழிச்சேன். எதிர்க்காத்துக்கும் விட்டிருக்கேன். எல்லாம் போக, உச்சியில போய் நிக்கறப்ப பதினைஞ்சு சதவீதம் மிச்சம் இருக்கணும். அந்தப் பதினைஞ்சு எங்க போச்சு?"

இரண்டு நாளாக டீச்சர் மேடத்திடம் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். கணவர் எங்கே என்று கேட்கவில்லை. அதைப் போலீசிடம் கேட்டுக்கொண்டார். இது வேறு. கணக்கு தப்பென்றால் அவரைக் கொன்றது யார் என்பதற்குப் பதில் அந்தம்மாவின் சமையலறை மேசையிலேயே இருக்கிறது.

"தேடிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். உங்க வீட்டுக்காரர் ஹீட்டர் போடுவாரா?"

"தொடவே மாட்டார். ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல கோட்டு, கையுறை. ஹீட்டர் சார்ஜைக் குடிச்சிடும்னு நான் சொன்னதிலேருந்து அப்படித்தான். பனி மனுஷன் மாதிரி வந்து இறங்குவார்."

பட்டறைக்காரர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். "ஹீட்டர் குமிழ் கடைசிவரைக்கும் திருகியிருந்துச்சும்மா" என்றார். "வண்டி நின்னதும் குளிர் தாங்காம திருகியிருப்பாருன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க."

"வண்டி நின்னதே சார்ஜ் இல்லாமதான். அப்புறம் திருகினா என்ன, திருகாட்டி என்ன?" மேடம் காருக்குள்ளிருந்து விரலை மட்டும் வெளியே நீட்டினார். "குண்டூசி, இங்க வந்து பாரு. சூடான காத்து வர்ற துவாரம் நாலு இருக்கு. ஓட்டறவர் பக்கம் ரெண்டும்?"

"மூடியிருக்கு."

"பக்கத்து சீட்டு?"

"ரெண்டும் திறந்திருக்கு. ஆளோட நெஞ்சுக்கு நேரா திருப்பி வச்சிருக்கு." குண்டூசி தலையைச் சொறிந்தான். "தன் பக்கத்தை அடைச்சிட்டு காலி சீட்டுக்கு ஹீட்டர் போடறதுன்னா, அந்த சீட்டுக்கு ஜலதோஷமா மேடம்?"

"சீட்டு காலியா இல்லடா."

மலைமேல் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரையல்லவா தேட வேண்டும்!

*

பாதி மலையில் இருந்தது நடுவழி சார்ஜ் நிலையம். மேடத்தின் பழைய பெட்ரோல் கார், சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு முனகி முனகி ஏறிச் சேர்ந்தது. கேன்டீனின் கண்ணாடிச் சுவருக்கு எதிரே புத்தம் புதிய வேகச் சார்ஜர்கள் வரிசையாக நின்றன. பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், யாரும் சீந்தாத பழைய சார்ஜர் ஒன்று.

கேன்டீன் அம்மாவுக்கு வாயில் பூட்டே கிடையாது.

"அந்த லிஃப்ட்காரர்தானே? தெரியாம என்ன! டீச்சர் அம்மா போன் வராம அவர் இங்கேருந்து கிளம்பினதே இல்ல. 'வந்தாச்சா, கிளம்பியாச்சா'ன்னு கேட்பாங்க. நான்தான் பதில் சொல்லணும். சம்பளமில்லாத உத்தியோகம்!"

"அன்னிக்கு எங்க நிறுத்தினார்?"

"அதை ஏன் கேக்கறீங்க. முன்னாடி எல்லாம் காலியா கிடக்குது, மனுஷன் பின்னாடி போய்க் குப்பைத் தொட்டிகிட்ட நிறுத்தறார். அது ஆமை சார்ஜர். 'ஐயா, இங்க வாங்க'ன்னு கத்தறேன், காதுல வாங்காத மாதிரி கையை ஆட்டறார். அப்புறம் தனியா உள்ளே வந்து ஒரு ரப்பர் பையை நீட்டி வெந்நீர் ஊத்தித் தரச் சொன்னார். முதுகு வலியாம்."

குண்டூசி மேடத்தின் காதருகே குனிந்தான். "புரிஞ்சுடுச்சு மேடம். இவங்க பாத்தா டீச்சருக்குப் போயிடும். டீச்சருக்குத் தெரியக்கூடாத ஒருத்தர் கார்ல இருக்காங்க. வெந்நீர்ப் பை வச்சுத் தாங்கற அளவுக்கு வேண்டியவங்க. பொண்ணுதான்."

"வெந்நீர்ப் பையோட காதலியா? உனக்குக் கல்யாணம் ஆகாதது நல்லதாப் போச்சு" என்றார் மேடம். பிறகு கேன்டீன் அம்மாவிடம், "அன்னிக்கும் டீச்சர் போன் பண்ணினாங்களா?"

"பண்ணாம? சரியா நேரத்துக்கு. 'இந்நேரம் ஏறியிருக்குமே, கிளம்பியாச்சா'ன்னாங்க. நான் பின்கதவைத் திறந்து, 'ஐயா, டீச்சர் லைன்ல இருக்காங்க'ன்னு குரல் குடுத்தேன். அடிச்சுப் பிடிச்சு ஒயரைப் பிடுங்கிட்டு ஓடிட்டார் பாவம்."

டீச்சர் போட்ட நேரம் வேகச் சார்ஜருக்கான நேரம். ஆமை சார்ஜரில் அந்த நேரத்துக்கு எவ்வளவு ஏறியிருக்கும்? போதாத சார்ஜோடு கிளம்பி, போதாக்குறைக்கு ஹீட்டரும் போட்டு ஏறியிருக்கிறார். பதினைந்து சதவீதம் போன வழி தெரிந்துவிட்டது. யாருக்காகப் போனது என்பதுதான் பாக்கி.

மேடம் வாசலுக்கு வந்து டீச்சரை அழைத்தார். குண்டூசி பக்கத்தில் நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது.

"டீச்சர், நேரா கேக்கறேன். உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுக்காரர் கார்ல யாரை ஏத்தியிருப்பார்? குளிர் ஆகாத ஆள். நோயாளியா இருக்கலாம்."

மறுமுனையில் மௌனம். சாதாரண மௌனம் இல்லை. மேடம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார் டீச்சர்.

"இருந்தானா, இருக்கானா?"

"இருக்கான். மலைக்கு உங்க பக்கத்து ஓட்டல் ஒண்ணுல வாட்ச்மேன். நெஞ்சுச் சளி முத்திப்போச்சுன்னு யாரோ சொன்னாங்க. நான் பேசி ஒன்பது வருஷம் ஆச்சு." குரல் கரகரத்தது. "எங்கப்பாவைக் கூட்டிட்டு இதே மாதிரி ஒரு பனிக்காலத்துலதான் கிளம்பினான். எதுவும் பாக்கல, எதுவும் யோசிக்கல, 'போயிடலாம்ப்பா'ன்னான். அவன் திரும்பி வந்தான், அப்பா வரல. என் வீட்டுக் கார்ல அவன் ஏறக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன்."

"உங்க வீட்டுக்காரர் இதுக்கு என்ன சொல்லுவார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் கோபமா இருக்கறப்ப அவர் எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டார். செஞ்சிட்டுத்தான் வந்து நிப்பார்."

*

கார் நின்ற வளைவில் மீட்புக் குழு இருந்தது. எட்டுப் பேர், ஒரு நாய், கைபேசி சிக்னல் எட்டாத இடமாதலால் ஒரு செயற்கைக்கோள் போன். மேகம் தலைக்கு மேலே கையெட்டும் தூரத்துக்கு இறங்கியிருந்தது. குழுத் தலைவருக்கு மீசையெல்லாம் பனி.

"அவர் மேலேதாம்மா போயிருப்பார். உச்சியில சார்ஜ் ஸ்டேஷன் விளக்கு இங்கேருந்தே தெரியும். தனியா மாட்டினவன் விளக்கைப் பாத்துத்தான் நடப்பான். ரெண்டு நாளா அந்தச் சரிவைத்தான் சலிக்கறோம். இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு."

மேலே, சரிவில், ஓடைப் பாலத்துக்குக் கீழே நாய் குரைத்துக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து அதுக்கு இதே வேலை, காக்காயைப் பாத்தாலும் குரைக்குது" என்று மேலிருந்தே குரல் கொடுத்து அலுத்துக்கொண்டார் அதன் கயிற்றைப் பிடித்திருந்தவர்.

"தனியா மாட்டினவன் விளக்கைப் பாத்து நடப்பான், சரி" என்றார் மேடம். "ஆனா அவர் தனியா இல்ல. கூட ஒரு நோயாளி. நெஞ்சுச் சளி. இந்த ஏத்தத்துல பத்தடி நடக்க முடியாத ஆளை வச்சுக்கிட்டு மேலேயா போவார்? வர்ற வழியில எதாவது கூரை இருந்துச்சா?"

"கீழ் வளைவுல ஒரு கொட்டகை இருக்கு. பனி அள்ளற வண்டிக்காரங்களோடது. ரோட்டுலேருந்தே பாத்துட்டோம்மா. வெளித் தாழ்ப்பாள் போட்டுக் கிடக்கு. உள்ளே ஆள் இருந்தா வெளியே எப்படித் தாழ்ப்பாள் விழும்?"

மேடம் திரும்பி, சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்த பனி அள்ளும் டிரைவரைப் பார்த்தார். "நீங்க போட்டீங்களா?"

"நாங்களா?" டிரைவர் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தார். "பனிக்காலத்துல அந்தக் கதவுக்குத் தாழ் போடவே மாட்டோம். இரும்பு உறைஞ்சா திறக்க வராது. அதோட, ரோட்டுல மாட்டினவன் எவனாவது ஒதுங்கணுமில்ல? அடுப்பும் விறகும் வச்சிட்டுக் கதவைச் சும்மா சாத்திட்டுத்தான் வருவோம். எங்க ஆளுங்க யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"நீங்க போடல. காத்து போடாது" என்றார் மேடம். "கதவு காத்துல திறந்துக்கிட்டே இருந்தா, உள்ளே இருக்கற நோயாளிக்குக் குளிரும்னு நினைக்கறவன்தான் வெளியே தாழ் போடுவான்."

தலைவர் முகத்திலிருந்த அலுப்பு ஒரு நொடியில் உதிர்ந்தது. விசிலை எடுத்து நீளமாக ஊதினார். சரிவெங்கும் சிதறியிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "எல்லாரும் கீழே! ஸ்ட்ரெச்சரையும் நாயையும் கொண்டாங்க!" நாய் வர மறுத்தது. கயிற்றைப் பிடித்தவர் இரண்டு கையாலும் இழுத்து வர வேண்டியிருந்தது.

குண்டூசி ஓட்டமாய் ஓடினான். இரண்டு நாளில் முதல் முறையாக அவனுக்குச் சிரிக்கத் தோன்றியது. "மேடம், இந்தத் தடவை டீச்சர்கிட்ட நான்தான் சொல்லுவேன். 'வந்தாச்சா'ன்னு கேப்பாங்க, 'வந்தாச்சு, ரெண்டு பேரா வந்தாச்சு'ன்னு சொல்லுவேன்."

கொட்டகை கண்ணில் பட்டதும் மேடத்தின் நடை தளர்ந்ததை அவன் கவனிக்கவில்லை.

தாழ்ப்பாள் உறைந்திருந்தது. பின்னாலேயே வண்டியை ஓட்டி வந்த டிரைவர் கடப்பாரையால் தட்டி உடைத்தார். கதவு திறந்தது. புகையும் மருந்து நெடியும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. இரும்பு அடுப்பில் கடைசி விறகு கனன்றுகொண்டிருந்தது. மூலையில் சாக்குகளின் மேல், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோட்டும், கைக்குப் பெரிய கையுறையும் போட்டுக்கொண்டு, ரப்பர் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு மெலிந்த ஆள் கிடந்தான். கண் திறந்திருந்தது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினார் தலைவர்.

ஒரு ஆள். கொட்டகையில் இன்னொருவர் இருக்க இடமே இல்லை.

மெலிந்தவன் எல்லாருடைய முகத்தையும் வரிசையாகப் பார்த்தான். தேடினான். "மாமா எங்க?" என்றான். "உங்களைக் கூட்டிட்டு வந்தவர். முன்னாடி வரலியா?"

டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டார்.

"அன்னிக்கே போனாரே. கதவு நிக்கலன்னு வெளியே தாழ் போட்டுட்டு, 'மேலே விளக்கு தெரியுது, ஆளோட வந்துடறேன், நீ அசையாதே'ன்னு சொல்லிட்டு... கோட்டு வேண்டாம் மாமான்னேன். 'எனக்குக் குளிராது, உங்கக்கா என்னைப் பழக்கி வச்சிருக்கா'ன்னு சிரிச்சார். அப்புறம் நான் கத்திப் பாத்தேன். கதவைத் தள்ளிப் பாத்தேன். முடியல."

அப்போதுதான் குண்டூசிக்கு உறைத்தது. வெளியே தாழ்ப்பாள் விழுந்திருந்தால் உள்ளே ஒருவன் இருக்கிறான். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவன் வெளியே இருக்கிறான். பாதிக் குறிப்பைப் படித்துவிட்டு அவன் கூத்தாடிக்கொண்டு ஓடி வந்தான். மீதி, வரும் வழியிலேயே மேடத்துக்குப் புரிந்திருக்கிறது. அவர் முகம் சாம்பலாய் இருந்தது.

விளக்கைப் பார்த்து நடந்திருக்கிறார், ஸ்வெட்டரோடு. தலைவர் முதலிலேயே சொன்ன அதே சரிவில்.

நாயைப் பிடித்திருந்தவர் மெதுவாக, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். "பாலத்துக்குக் கீழே குரைச்சுதே... அது காக்காயைப் பாத்து இல்ல போலிருக்கு."

தலைவர் வெளியே போனார். குண்டூசியும் போனான். பார்க்க ஒன்றும் இல்லை. பனி இறங்கிவிட்டிருந்தது. சரிவு, பாலம், உச்சி விளக்கு எல்லாம் ஒரே வெள்ளையாய் அழிந்து போயிருந்தன. தலைவர் நான்கடி எடுத்து வைத்தார், ஐந்தாவது அடியில் நின்றார். பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

"இந்த விசிலை நான் ஊதாம இருந்திருந்தா..." என்றார்.

"ஊதச் சொன்னது நான்" என்றார் மேடம், கதவருகில் நின்றபடி.

"ரெண்டு ராத்திரி, மேடம்" என்றான் குண்டூசி. "கோட்டு இல்லாம. நாம மேலேயே இருந்திருந்தாலும்..." அந்த வாக்கியத்தை முடித்துத் தரும்படி அவன் அவரைப் பார்த்தான். அவர் வெள்ளையாய் அழிந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் இடுப்பில் செயற்கைக்கோள் போன் அடித்தது. டீச்சர். அந்த எண்ணையும் எப்படியோ வாங்கி வைத்திருந்தார். மேடம் கையை நீட்டி வாங்கினார்.

"வந்தாச்சா?" என்றது குரல்.

இணைப்புக் கொடுத்தே வயிறு வளர்த்தவருக்கு அந்தக் கணத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. எதிர்முனை காத்திருந்தது. பிறகு டீச்சரே பேசினார். "சரி. அதை அப்புறம் சொல்லுங்க. என் கணக்கு தப்பா?"

"இல்ல டீச்சர். கணக்கு சரி." கேன்டீனின் பின்கதவு, அதில் வந்த குரல், பிடுங்கிய ஒயர், எல்லாம் மேடத்தின் தொண்டைவரை வந்தன. அவற்றை அங்கேயே விழுங்கினார். "ஒரு ஆளுக்கு அது சரியான கணக்கு."

"ரெண்டாவது ஆள்?"

மேடம் உள்ளே போய்க் குனிந்து, போனின் ஸ்பீக்கரைப் போட்டு மெலிந்தவன் காதருகே வைத்தார். கையுறைக்குள் இருந்த கை அதைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது.

"அக்கா" என்றான்.

போனில் காற்றிரைச்சல் மட்டும் கேட்டது. குண்டூசி விறகு தீர்ந்து கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் ஒரு வேடிக்கைப் பேச்சும் நினைவுக்கு வராத நேரம் அவனுக்கு அதுதான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்க்கா. ஹீட்டர் வேண்டாம்னேன். கோட்டு வேண்டாம்னேன். மாமா கேக்கல..."

"கேக்க மாட்டார்" என்றார் டீச்சர். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு வகுப்பறைக் குரலில், ஒவ்வொரு சொல்லாய், "அங்க அடுப்பு எரியுதா?"

"எரியுதுக்கா. கடைசி விறகு."

"யாரையாவது இன்னும் ரெண்டு போடச் சொல்லு. அணைய விடாதே. அவர் வர்றப்ப குளிரும்."

பனி அள்ளும் டிரைவர் வெளியே போய், தன் வண்டியிலிருந்து ஒரு விறகுக் கட்டை கொண்டு வந்தார். மண்டியிட்டு, அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே வைத்தார்.